கட்டுக்காரி

என் தொடர்கதையைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே ஆசைதான். அந்தக் கட்டுக்காரியை நான் சீக்கிரம் கொன்றுவிட வேண்டும்.

செல்போன் செயலி ஒன்றில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் எழுதுகிறேன். மாயாஜாலக் கதை. உள்ளங்கையில் நெருப்பு வளர்க்கிறவன், மேகத்தைக் கூப்பிட்டு மழை வாங்குகிறவள், சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் வருகிறவன் என்று ஏழெட்டுப் பேர் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே பொட்டுச் சக்தியும் இல்லாத ஒருத்தி. அவள் வந்து நின்றால் போதும், நெருப்பு அணைந்துவிடும், மழை பாதியில் நிற்கும், சுவருக்குள் போனவன் உள்ளேயே மாட்டிக்கொண்டு முழிப்பான். அவள் எதுவும் செய்வதில்லை. பார்க்கிறாள், அவ்வளவுதான். 'மேடம், அவளைப் போட்டுத் தள்ளுங்க', 'இந்தச் சனியன் வந்தாலே கதை படுத்துருது' என்று கீழே கமெண்ட் போடுகிறார்கள். கதாநாயகனுக்கு இதயம், அவளுக்குச் செருப்புப் படம்.

நான் பதில் போடுவதில்லை. என்னவென்று போடுவது? அந்தச் சனியன் நான்தான் என்றா?

எங்கள் ஊர் பொன்னமராவதிக்கு மேற்கே. வயலை ஒட்டிக் கருப்பர் கோயில். அப்பாதான் சாமியாடி. பங்குனியில் காப்புக் கட்டினால் எட்டாம் நாள் உச்சி வெயிலில் சாமி இறங்கும். மணி கோத்த சல்லடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு ஆட்கள் தாங்கிப் பிடித்த அரிவாளின் மேல் ஏறி நின்று, அப்பா ஊருக்குக் குறி சொல்லுவார். மழை வருமா, காணாமல் போன மாடு எந்தப் பக்கம் போயிருக்கும், யார் வீட்டில் இந்த வருடம் தொட்டில் ஆடும் என்றெல்லாம்.

எனக்குப் பதினோரு வயது. சாமி இறங்குவதற்கு முந்தின நாள் அப்பாவிடம் கேட்டேன்: "அருவா மேல நிக்கிறப்ப காலு வலிக்குமாப்பா?"

"எனக்கு என்னத்தா தெரியும்? அந்நேரம் நானா நிக்கிறேன்?" என்றார். எங்கள் பக்கம் மகளையும் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. அப்படியானால் அப்பா போவதற்கும் சாமி வருவதற்கும் இடையில் ஒரு நொடி இருக்க வேண்டும் அல்லவா? அந்த நொடியைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே நுழைந்து முன்வரிசைக்கு வந்து, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இமைத்தால் அந்த நொடி தப்பிவிடும் என்று இமைக்கக்கூட இல்லை. உறுமி மேளம் உறுமியது. அப்பா கண்ணை மூடினார், திறந்தார், என்னைப் பார்த்தார். மறுபடி மூடினார். மறுபடி திறந்தார், மறுபடி என்னைப் பார்த்தார். சாமி வரவில்லை.

மேளக்காரர்கள் தோள் மாற்றி மாற்றி அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டுப் போட்டு நா வறண்டு நின்றார்கள். அப்பாவின் மார்பில் வியர்வை மட்டும் ஓடியது. கடைசியில் அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அது சாதாரணக் காரியம் இல்லை. சாமி வராத ஊருக்கு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. யாரோ சாமியைக் கட்டிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பக்கத்து ஊரிலிருந்து கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவர் உடுக்கையை அடித்துக் குறி பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெளியில தேடாதீங்க. வீட்டுக்குள்ளயே இருக்கு கட்டு. பொம்பளப் புள்ள. அது கண்ணுல இருக்கு."

எங்கள் வீட்டில் பெண் பிள்ளை நான் ஒருத்திதான். தம்பிக்கு அப்போது ஆறு வயது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் தரையைப் பார்த்தார்.

எட்டு நாள் கணக்கு முடிந்துவிட்டது என்று சொல்லி, மறுநாள் காலையிலேயே என்னைக் கோட்டைப்பட்டினத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் எல்லையைத் தாண்டின பிறகு திரும்பவும் உறுமியை அடித்தார்களாம். சாமி அப்படி வந்ததாம்! அதற்கு முன்னால் அவ்வளவு நேரம் அரிவாளில் நின்றதே இல்லையாம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பங்குனியும் காப்புக் கட்டுவதற்கு முன்னால் நான் எல்லை தாண்டிவிட வேண்டும். காப்பு அவிழ்த்த பிறகுதான் திரும்பலாம். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் இதற்கு நேர் எதிரான சட்டம். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருக்கிறவர்கள் எட்டு நாளும் வெளியே போய்த் தங்கக் கூடாது. மஞ்சள் கயிறு அவர்களை உள்ளே கட்டும், என்னை வெளியே தள்ளும்.

பெரியப்பா கோட்டைப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் குறைவாகப் பேசவில்லை. ஆனால் எனக்கு அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. கரையில் போய் உட்காருவேன். அந்தப் பக்கத்துக் கடலுக்கு அலை கிடையாது. வயலில் தண்ணீர் பாய்ச்சி வைத்த மாதிரி கிடக்கும். ஒருநாள் நாட்டுப்படகு ஒன்றின் இன்ஜின் கிளம்பவே இல்லை. படகுக்காரர் இழுத்து இழுத்துப் பார்த்தார். எழுந்து ஓடி, ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் கேட்டது. பாவம் அந்த மனிதர், கடைசி வரைக்கும் இன்ஜினைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். நான்தான் காரணம் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ரகசியம் என்று இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் பரிதாபமாக இருக்கிறது.

திருவிழா முடிந்த மறுநாள் அம்மா வந்து கூட்டிப்போவாள். திருவிழாக் கடையில் எனக்கென்று வாங்கின வளையல்கள் அவள் பையில் இருக்கும். கை அளவு இல்லாமல் குத்துமதிப்பாக வாங்கியவை, எப்போதும் ஒரு சுற்றுச் சின்னதாக இருக்கும். சோப்புப் போட்டு ஏற்றிவிடுவாள். எனக்கு வலிக்கும், சொல்ல மாட்டேன்.

பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. முதலில் வந்தவர்கள் பூ வைக்கும் வரை வந்து திரும்பினார்கள். 'அந்தப் பொண்ணு நிக்கிற எடத்துல சாமியே நிக்காதாமே, நம்ம பையன் எங்கிட்டு நிப்பான்?' என்று பையனின் அத்தை கேட்டதாகக் காதுக்கு வந்தது. இரண்டாவதாக வந்தவர்கள் அவ்வளவு தூரம்கூட வரவில்லை. நான் பரீட்சை எழுதி அரசு வேலை வாங்கிப் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டேன். மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. விருந்தாளி வந்தால் கட்டிலில் உட்கார வைக்கலாம் என்று இரண்டாவது நாற்காலி வாங்கவில்லை. கட்டிலிலும் யாரும் வந்து உட்காரவில்லை.

அலுவலகத்தில் ஒருநாள் நான் நுழையும்போது சர்வர் நின்றுபோனது. "மேடம் வந்தாலே இது படுத்துருதுங்க" என்று பக்கத்து மேசைப் பையன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். சும்மா ஒரு கேலிதான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். திரும்பி வந்தபோது சர்வர் வேலை செய்தது.

ஊரடங்கில் அறையைவிட்டு வெளியே போக முடியாத மாதங்களில்தான் கதை எழுத ஆரம்பித்தேன். முதலில் எல்லோரையும்போலச் சக்தி உள்ளவர்களைத்தான் எழுதினேன். ஐந்தாம் அத்தியாயத்தில் அவள் தானாக நடந்து வந்தாள். மாயக் கதை எழுதுகிறவர்கள் சக்தியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதைக் கட்டுகிற கயிறு, கோடு, ஆணி, மந்திரம் எல்லாவற்றையும் வில்லன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கட்டுகிறவளுக்குக் கட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லாவிட்டால்? அவளுக்கு விதிகள் எழுதினேன். அவளுக்கென்று சக்தி கிடையாது. அவள் விரும்பி எதையும் கட்டுவதில்லை. முக்கியமாக, தன் கட்டை அவளாலேயே நிறுத்த முடியாது. ஒரு பார்வைக்கே அணைந்துபோகிற நெருப்பு என்ன நெருப்பு என்று ஒரு அத்தியாயத்தில் அவளைக் கேட்க வைத்தேன். அன்றைக்குத்தான் அவளுக்கு அதிகச் செருப்பு விழுந்தது. கதையை முடிக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டே இருந்தேன். கட்டுக்காரியை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போது போன பங்குனியில் தம்பியின் போன் வந்தது. அவன் வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டதால் இந்த வருடம் அவன்தான் அரிவாள் ஏற வேண்டும் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

"அக்கா, அப்பா ஒன்னய வரச் சொல்றாருக்கா. காப்புக்கு முன்னாடியே."

"முன்னாடியேவா? நான் போக வேண்டிய நேரத்துல என்னய எதுக்குடா வரச் சொல்றாரு?"

"எனக்குத் தெரியல. ஒத்தக் காலுல நிக்கிறாரு."

எனக்குப் பயம். அப்பாவுக்கு வராமல் போனதோடு போகட்டும், தம்பிக்கும் வராமல் போனால்? முதல் தடவை ஏறுகிறவன். அவன் பெயர் கெட்டுவிடும். ஆனாலும் பஸ் ஏறினேன். முப்பத்தேழு வருடம் கழித்துத் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறார். நான் என்ன கல்லா?

அப்பா என்னைப் பின்கட்டில் உட்கார வைத்தார். வெளியே வராதே என்றார். சாயங்காலம் கோயில் பக்கம் மேளம் கேட்டது, காப்புக் கட்டிவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் என் கையைப் பிடித்து, நல்ல காலை ஊன்றி, தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். பத்து நிமிடத்தில் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"என்னங்க இது, சொல்லாமக் கொள்ளாம? மகள அனுப்பி விட்ருங்க."

"காப்புக் கட்டியாச்சுல்ல?" என்றார் அப்பா. வாய் கொஞ்சம் கோணியிருந்தாலும் குரல் நேராக இருந்தது. "கட்டறப்ப எம்மக ஊருக்குள்ள இருந்தா. இனி எல்லையத் தாண்டி அனுப்புனா குத்தம் யாருக்குங்க? நீங்க ஏத்துக்கிறீங்களா?"

ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எந்தக் காப்பு என்னை அத்தனை வருடம் வெளியே வைத்ததோ, அதே காப்பு இப்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. அப்பா சாமானியப்பட்டவர் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்து, விழுந்த கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் அவர் மெதுவாகப் பேசினார்.

"ஆத்தா, ஒன் கண்ணுல கட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு மொத ரெண்டு மூணு வருசம் நெசமாவே சாமி வந்துச்சு. அப்பறம் வரல. ஏன்னு தெரியல. ஊரு காத்துக்கிட்டு நிக்கிது, என்னாண்டு சொல்றது? ஆடுனேன். அருவா மேல நிக்கிறது பழக்கம்தான். அந்த வருசம் நீ முன்னால வந்து நின்னுக்கிட்டு என்னயவே பாத்த. மொத நாளுதான் காலு வலிக்குமாண்டு கேட்டவ. ஒன்னய வச்சுக்கிட்டு என்னால ஆட முடியல."

"அப்பறம் கோடாங்கி சொன்னப்ப?"

"ஊருக்கு ஒரு காரணம் வேணும்ல. ஒரு வருசத்தோட போயிரும்ண்டு நெனச்சேன்."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நோயாளியின் கை என் கையில் இருந்தது, முறித்துவிடலாம் போல இருந்தது. ஐஸ் கம்பெனிச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்த பிள்ளையை நினைத்தேன். சின்ன வளையல்களை நினைத்தேன். "எட்டாம் நாள் சபையில இதச் சொல்லுங்க. ஊரு கேக்கணும்" என்றேன்.

"சொல்றேன்" என்றார்.

எட்டாம் நாள் உச்சி வெயிலில் அப்பாவின் நாற்காலி முன்வரிசையில் போடப்பட்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். என்னைச் சுற்றி ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் மற்றவர்கள் நின்றார்கள். தம்பி அப்பாவின் சல்லடத்தைக் கட்டிக்கொண்டு நடுவில் வந்தான். அவனுக்குக் கொஞ்சம் இறுக்கம், வயிறு பிதுங்கியது. உறுமி தொடங்கியது. தம்பி கண்ணை மூடினான், திறந்தான், என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதே கண். அதே வியர்வை.

மேளம் தோள் மாறியது. முணுமுணுப்புத் தொடங்கியது. "அப்பவே சொன்னோம்ல" என்று யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது. நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போது சொல்லுங்கள். அவர் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்றே நம்பினேன். ஆனால் அவர் கண் நடுவில் நிற்கிற மகனிடம் போயிற்று. தான் ஆடியது பொய் என்று சொன்னால் அவன் ஆடப்போவது என்ன ஆகும்? திறந்த வாயை மூடிக்கொண்டார். நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். இருக்கச் சொல்லிப் பிடித்தாரா, மன்னிக்கச் சொல்லிப் பிடித்தாரா, இன்றுவரை நான் கேட்கவில்லை.

தம்பி மறுபடி என்னைப் பார்த்தான். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயது ஆள், ஊரே பார்க்க அழுதுவிடுவான் போல இருந்தான்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெயில் இமைக்குள் சிவப்பாகத் தெரிந்தது. உறுமி நாலு சுற்று சுற்றியிருக்கும். மணிகள் குலுங்கின. ஓர் அலறல். குலவை கிளம்பியது, எனக்குப் பின்னால், பக்கத்தில், எல்லாப் பக்கமும். கண்ணைத் திறந்து பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. அந்த நொடியைப் பார்க்கத்தானே பதினோரு வயதில் முன்னால் வந்து நின்றேன். திறக்கவில்லை. யாரோ என் நெற்றியில் அழுத்தித் திருநீறு பூசினார்கள். கட்டை விரல் சுட்டது. தம்பியா, சாமியா, எனக்குத் தெரியாது.

"கட்டு அவுந்துருச்சு" என்றார்கள். சாமியே மகளைக் கூப்பிட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டதாம். என்னைச் சுற்றி விட்டிருந்த இடம் நிறைந்துவிட்டது. என்னோடு முகம் கொடுத்துப் பேசாத ஒரு அக்கா கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள். பதினோரு வயதுக்குப் பிறகு முதன்முறையாக எங்கள் ஊர்த் திருவிழாக் கடையில் என் கையை நீட்டி, என் அளவுக்கு வளையல் வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

புதுக்கோட்டைக்கு வந்து கடைசி அத்தியாயத்தை எழுதினேன். கட்டுக்காரியைக் கொல்லவில்லை. நானே எழுதிய விதியை உடைத்தேன். நெருப்புக்காரன் தோற்கப்போகிற நேரத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள், உள்ளங்கையில் நெருப்பு எழுகிறது. முதல் தடவையாக அவளுக்கு இதயமாக விழுந்தது. 'கடைசியில நல்லவளாயிட்டா, சூப்பர் மேடம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு, இருக்கிற ஒரே நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வருடம் பங்குனி பிறக்கும் முன்பே தம்பி கூப்பிட்டான். அப்பா பரவாயில்லை என்றான். காப்புக் கட்டும் தேதியைச் சொன்னான்.

"முன்னாடியே வந்துருக்கா. அப்பா பக்கத்துலயே நீ நிக்கணும்ண்டு ஊருல சொல்றாங்க."

"ம்."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்: "அக்கா, போன வருசம் மாதிரியே கண்ண மூடிக்கிறியா?"

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அரிவாளுக்கு முன்னால் நின்றுகொண்டு என் இமையைத்தான் பார்த்திருக்கிறான். என் வளையலைத் தள்ளி மேலே ஏற்றினேன். இறங்கி வந்தது, மறுபடி ஏற்றினேன்.

"அக்கா? இருக்கியா?"

"வாரேன்டா" என்றேன். அதற்கு மேல் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை.